சமையலுக்கு நின்றவர்

அழகரத்தினம் செத்துப்போன செய்தி அவருக்கே மூன்று மாதம் பிந்தித்தான் தெரியவந்தது. சாகடித்தவள் வேறு யாருமல்ல, அவருடைய ஒரே மகள் வதனி.

வதனிக்கு மட்டக்களப்பு ரவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பக்கத்துக் கடையில் போன் திருத்தும் நிலோஜனோடு பழக்கமாகி, ஒருநாள் அவன் மனம்விட்டுப் பேசினான். அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது இயக்கத்துப் பொடியன்கள் வந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிணம்கூட வரவில்லை. "இயக்கத்தில இருந்த ஒருத்தன்ட வாசலயும் நான் மிதிக்க மாட்டன்" என்றான். பதினெட்டு வருடம் இயக்கத்தில் கிடந்து, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே அங்கேயே விட்டுவிட்டு, சண்டை முடிந்தபின் இரண்டு வருடம் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து வந்த ஒருவரின் மகள் அதற்கு என்ன சொல்வாள்? "எனக்கும் அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

பெண் கேட்டு வரப்போகிறார்கள் என்றபோதுதான் தங்கள் பெரியகல்லாற்று வீட்டில் அழுதுகொண்டு உண்மையைக் கக்கினாள்.

"வாய் தவறிச் சொல்லிப்போட்டன் அப்பா. இப்ப மாத்திச் சொன்னா அவர் என்ன விட்டிட்டுப் போயிருவார்."

அழகரத்தினம் செயற்கைக் காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொடியனின் தகப்பனைக் கொண்டுபோன காலத்தில் அவர் வன்னியில் நின்றவர். அந்தப் பாவத்தில் தனக்குக் கை இல்லை என்பது அவருக்கு நிச்சயம். ஆனால் அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"அழாத புள்ள. நான் செத்தவனாவே இரிக்கன். அதில எனக்கென்ன குறைஞ்சு போகுது?"

பெரிய தியாகம் செய்வதாக அவருக்கு நினைப்பு. பெண்சாதி புஸ்பம்தான் அடுப்படியிலிருந்து எழும்பி வந்து கேட்டாள்.

"அப்ப நான் ஆரு?"

தகப்பனும் மகளும் ஆளையாள் பார்த்தார்கள். புருசனைச் சாகடித்தால் பெண்சாதி விதவையாவாள் என்பது இரண்டு பேருக்கும் அதுவரை புத்தியில் தட்டவேயில்லை. பொட்டு வைக்கக்கூடாது, தாலி போடக்கூடாது, மணவறைப் பக்கம் தலை காட்டக்கூடாது. புஸ்பம் திரும்பிப் போய் அடுப்பை ஊதினாள்.

பொய் நிலைப்பதற்குச் சீதன வீடும் தோதாக அமைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? முகாமிலிருந்து வந்த கையோடு ரவுணுக்கு வெளியே வாவிக்கரையில் ஒரு துண்டுக் காணி வாங்கி, பதின்மூன்று வருடமாக அவரே கல் அரிந்து, அவரே சுவர் கட்டி, அவரே பூசி எழுப்பிய வீடு அது. ஊரார் வீட்டு மேசன் வேலை முடித்துவிட்டு பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், அந்த ஒற்றைக் காலோடு கூரைக்கு ஏறி இறங்கிய மனிசன். முகாமில் இருந்தவருக்கு அயலாரோடு வாய் கொடுக்காமலிருப்பது பழகிப்போயிருந்தது. அதனால் அந்த அயலில் அவர் வீட்டுக்காரர் இல்லை, யாரோ கூலிக்குப் பிடித்த மேசன். சனம் அப்படி நினைத்திருந்தது இப்போது வசதியாகப் போயிற்று. பெரியகல்லாற்றிலிருந்து நாலே நாலு சொந்தக்காரருக்குச் சொல்லி, அவர்களின் வாயையும் கட்டியாயிற்று.

"நான் கலியாணத்துக்கு வரப்படாதா?" என்று ஒருநாள் கேட்டார். வதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சமையலுக்கு நிக்கன் புள்ள. இயக்கத்தில முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்ட கை இது."

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆரும் கேட்டா மேசன் எண்டுதான் சொல்லணும்" என்றாள். பெற்ற தகப்பனுக்கு மகள் போட்ட நிபந்தனை.

மாலை போட ஒரு படம் வேண்டுமே. தம்பதிகள் விழுந்து கும்பிட வேண்டாமா? புஸ்பத்தின் கல்யாணப் படத்தில் அவளை வெட்டிவிட்டு, சுருட்டைத் தலைமயிரோடு நின்ற மாப்பிள்ளையை மட்டும் பெருப்பித்தார்கள். வழுக்கை விழுந்து ஒடுங்கிப்போன மேசனுக்கும் அந்த வாலிபனுக்கும் ஒற்றுமை காண யாராலும் முடியாது. புது வீட்டு நடுச்சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியவரும் அழகரத்தினம்தான். சுவர் வெடிக்காமல் ஆணி இறக்க வேறு யாருக்குத் தெரியும்?

முகூர்த்த நேரம், புது வீட்டின் பின்வளவுக் கொட்டிலில் மூன்று கிடாரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் தாய் அன்னப்பூரணி, வெள்ளைச் சேலையோடு, புஸ்பத்தின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தாள்.

"வா தங்கச்சி. நம்மளப் போல ஆக்கள் முன்னுக்கு நிண்டா சகுனம் சரியில்ல எண்டுவாங்க. நாம இஞ்ச இருந்து புள்ளைகளுக்காகக் கும்பிடுவம்."

நல்ல மனுசி, உள்ளன்போடுதான் சொன்னாள். புஸ்பம் வெறும் நெற்றியோடும் வெறும் கழுத்தோடும் கிடாரத்தடியில் குந்தினாள். முன்பக்கம் கெட்டிமேளம் முழங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். பெற்றவள் தன் மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைக் காணவில்லை. அழகரத்தினத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினார். இவள் ஒன்றும் அறுதலி இல்லை, புருசன் நான் உயிரோடு நிற்கிறேன் என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டார்.

புஸ்பம் தலை நிமிராமலே சொன்னாள். "சோறு அடிப்பிடிக்குது ஐயா. பாருங்க."

ஐயா! இருபத்தாறு வருடமாக "இஞ்சருங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிட்டறியாத வாய். அவர் குனிந்து கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்தார்.

உள்ளே தம்பதிகள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்களாம். வதனி எழும்ப மாட்டாமல் கதறி அழுதாளாம். தகப்பனில் எவ்வளவு பாசம் வைத்திருந்திருக்கிறது பிள்ளை என்று, சாம்பார் வாளி எடுக்க வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்.

பந்தி முடிந்த பிறகு நிலோஜன் பட்டு வேட்டியோடேயே கொட்டிலுக்கு வந்து, புஸ்பத்துக்கு முன்னால் குந்தினான். வதனி கதவடியில் நின்றுகொண்டாள்.

"மாமி, மாமாட திவசம் எந்த நாள்? எங்கட அப்பாக்கு நாளும் தெரியா. கூட்டிக்கொண்டு போன நாளத்தான் வெச்சிக் குடுக்கம். மாமாக்கெண்டாலும் நான் ஒழுங்காச் செய்யணும்."

தங்கமான பிள்ளை. கெட்டவனாக இருந்திருந்தால் அழகரத்தினம் தாங்கியிருப்பார்.

புஸ்பம் ஆவணி மாதத்தில் ஒரு தேதியைச் சொன்னாள். அழகரத்தினம் முகாமிலிருந்து வீடு திரும்பிய நாள் அது. அன்றைக்குக் களுதாவளைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தவள் அவள். மனப்பாடமாக அவளிடம் இருந்தது அந்த ஒரு தேதிதான்.

"அவருக்கு என்ன கறி விருப்பம் மாமி? படைக்கிறத்துக்கு."

"இறால் போட்ட முருங்கயிலச் சுண்டல்."

நிலோஜன் எழும்பி, கிடாரம் கழுவிக்கொண்டிருந்தவரின் பக்கம் திரும்பினான். "ஐயா, உங்கட கைப்பக்குவம் எல்லாருக்கும் புடிச்சிரிக்கு. மாமாட திவசத்துக்கும் நீங்கதான் வந்து ஆக்கித் தரணும். ஏலுமா?"

அழகரத்தினம் மகளைப் பார்த்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள்.

"ஓம் மனே, வாறன்" என்றார். "எத்தின பேருக்கு ஆக்கணும்?"