காலண்டரில் வேல்விழி

விருதுநகரில் வலிக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது அதற்கு இடம் கொடுத்தவர் காசிராஜன். பஜாரில் அவருடைய இரும்புக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி சும்மா கிடந்தது. நல்ல காற்று வரும். லிஃப்ட் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை இடுப்புவலிக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் செங்குத்தான படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி, வலியோடு வாழ்கிறவர்களின் சிரமங்களைக் குறைப்பது எப்படி என்று பேசிவிட்டு, அதே படிகளில் இறங்கிப் போனார்கள்.

2006-ஆம் ஆண்டு சங்கத்துக்கு ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று குனிந்தே வேலை பார்க்கிறவர்களின் தீராத வலியைப் பற்றியது. மதுரையிலிருந்து ஞானசுந்தரி என்ற ஆராய்ச்சியாளர் வந்து நடத்துவதாக ஏற்பாடு. நிதி கொடுத்த வெளியூர் அமைப்பு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வலி உள்ளவர்கள் இருவராவது குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. காசிராஜன் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாற்காலி கூடுதலாக வரவழைத்தார்.

முதல் நாற்காலி குல்சார் பேகத்துக்கு. மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவரின் மனைவி. இரண்டு முழங்காலிலும் இடுப்பிலும் வலி. எத்தனை வருஷமாக என்று யாராவது கேட்டால், "என் வலிக்குக் கல்யாணமாகி பேரன் பொறந்தாச்சு" என்பாள்.

இரண்டாவது நாற்காலிக்கு வந்தவள் வேல்விழி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். வயது முப்பதைத் தொடவில்லை. கழுத்தில் தொடங்கி வலது தோள் வழியாக விரல் நுனி வரைக்கும் இறங்குகிற ஒரு வலி மூன்று வருஷமாக அவளோடு குடித்தனம் செய்தது. மதுரைக்குப் போய் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கணவன் செல்வக்குமாருக்கு அது முடிந்துபோன விஷயம்.

அவன் கெட்டவன் இல்லை. தண்ணீர்க் குடத்தை அவனே தூக்கி வைப்பான், சம்பளத்தன்று மறக்காமல் மல்லிகைப்பூ வாங்கி வருவான். ஆனால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "படத்துலயே ஒண்ணும் இல்லைங்கான். ஒனக்கு ஒண்ணும் இல்ல விழி, சும்மா நெனச்சு நெனச்சுத்தான் வருது" என்பான். இத்தனைக்கும் அவன் வேலை செய்வது ஒரு காலண்டர் கம்பெனியில், கம்ப்யூட்டர் முன்னால். ஜவுளிக்கடை முதலாளிகளின் கன்னத்துப் பருவை எடுப்பதும், கட்சிக்காரர்களின் தொந்தியைக் குறைப்பதும்தான் அவன் பிழைப்பு. படம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

வேல்விழி குழுவில் சேர ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். படித்தவர்கள் கூடி, இப்படி ஒரு வலி உண்டு என்று எழுதி வெளியிட்டால், அவன் நம்புவான்.

முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வேல்விழிக்குப் போர்த்திய கையோடு காசிராஜன் அவள் வலது தோளில் தட்டிக் கொடுத்தார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருங்க, எம்புட்டு உணர்ச்சிவசப்படுதாக" என்று அவர் மைக்கில் சொன்னார்.

ஞானசுந்தரி ஓர் அட்டையைக் காட்டினார். வட்ட வட்டமாக முகங்கள். முதல் முகம் சிரித்தது, கடைசி முகம் அழுதது.

"உங்க வலி இதுல எந்த முகம்னு சொல்லுங்கம்மா."

குல்சார் பேகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "வலிச்சுக்கிட்டே விருந்தாளிக்குச் சிரிச்ச மூஞ்சியா சோறு போடுற முகம் இதுல இல்லையேம்மா."

ஞானசுந்தரி அதை எழுதிக்கொண்டார். நல்ல பெண். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். பிறகு, கணக்கெடுப்பில் வேறு என்ன கேட்கலாம் என்று வேல்விழியிடம் திரும்பினார்.

வேல்விழி சேலை நுனியைத் திருகினாள். "உங்க வீட்டுல நீங்க சொல்றத நம்புறாகளான்னு ஒண்ணு கேக்கலாங்க."

பின்வரிசையில் இரண்டு பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஞானசுந்தரி பேனாவை எடுப்பதற்குள் காசிராஜன் கையை உயர்த்தினார்.

"அருமையான யோசனை. ஆனா கேள்வித்தாள் அச்சுக்குப் போயிருச்சும்மா."

அச்சுத் தொழிலில் பிழைக்கிற எங்கள் மாவட்டத்தில் அதற்கு மேல் வாதம் கிடையாது. அச்சுக்குப் போனது போனதுதான். உறுப்பினர்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையின்படி, கேள்வித்தாள் அச்சுக்குப் போனதில் அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து, வலியைப் பற்றி மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவது எப்படி என்ற விவாதம். அது வெகுநேரம் நீடிக்கவில்லை. வேறு ஊரில் என்றால் ஊர்வலம் போவார்கள், நாடகம் போடுவார்கள். இங்கே ஒரு கல்யாணமோ கடைத்திறப்போ கட்சி மாநாடோ எதுவானாலும் கடைசியில் காலண்டராகத்தான் வந்து நிற்கும். 'என் வலியை நம்புங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, மேலே வேல்விழியின் படம், ஓரத்தில் வட்டத்துக்குள் காசிராஜனின் படம். ஏகமனதாக நிறைவேறியது.

படம் எடுக்க ஒரு போட்டோக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் வேல்விழியை ஜன்னல் ஓரம் நிறுத்திவைத்து வெகுநேரம் பாடுபட்டார்.

"கொஞ்சம் வலிக்கற மாதிரி பாருங்க தங்கச்சி."

"வலிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கு."

"அது தெரியலையே. தெரியுற மாதிரி வலிக்கணும்."

மூன்று வருஷமாகத் தெரியாமல் வலிக்கப் பழகியவளுக்கு அது வரவில்லை. "பல்லக் கடிச்சுக்க, தாயி" என்று குல்சார் பேகம் பாடம் சொன்னாள். "நான் எங்க வீட்டுக்காரர் முன்னாடி கடிக்கிற மாதிரி." அதற்கு வேல்விழிக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் போட்டோக்காரர் சலித்துப்போய்ப் பையைக் கட்டத் தொடங்கினார். வேல்விழி ஒரு பெருமூச்சோடு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முகத்தைத் தளரவிட்டாள். நெற்றி சுருங்கியது. வலது தோள் காதுப்பக்கம் ஏறியது. அப்போதுதான் அந்தப் படம் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து செல்வக்குமார் வீட்டுக்கு உற்சாகமாக வந்தான்.

"ஏ விழி, ஒன் படம் நம்ம கம்பெனிக்குத்தான் வந்திருக்கு. நாந்தான் டிசைன்."

அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "பாத்தீகளா?"

"பாத்தேன், பாத்தேன்."

"என்ன தோணுச்சு?"

"அதெல்லாம் வெளியீட்டு விழாவுல பாரு. அசந்துருவ."

அன்று இரவு அவள் வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாள். அந்தப் படத்தை அவன் பார்த்துவிட்டான். பெரிதாக்கிப் பார்த்திருப்பான். இனிமேல் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

விழாவுக்கு, நிதி கொடுத்த அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து, படியேறிய மூச்சிரைப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். தேக்கில் பூவேலை செய்த தன் வீட்டு சோபாவை காசிராஜன் மேடையில் போட்டிருந்தார். அந்தப் பூக்கள் ஒவ்வொன்றும் முதுகில் ஒவ்வோர் இடத்தில் குத்தின. கௌரவ உறுப்பினர்கள் இருவரும் அதில்தான் உட்கார வேண்டியிருந்தது.

திரையை விலக்கினார்கள்.

காலண்டரில் வேல்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி பளிங்குபோல் இருந்தது. கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. இரண்டு தோளும் தராசு முள்போல் நேராக நின்றன. காதில் இல்லாத ஜிமிக்கி, பின்னால் ஒரு தாமரைக்குளம். கீழே 'என் வலியை நம்புங்கள்' என்ற வாசகம். வட்டத்துக்குள் காசிராஜனின் தலையில், போன முடியில் பாதி திரும்பி வந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, மாதிரிப் பிரதியை அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்க நேரமானது.

"ரெண்டு முழம் வலி எனக்கும் தாங்கப்பா" என்றாள் குல்சார் பேகம். "இந்த வயசுல நானும் இப்பிடி ஆயிட்டுப் போறேன்."

வேல்விழி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெரிதாக்கிப் பார்த்ததென்னவோ உண்மை.

வடிவமைப்பாளரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். செல்வக்குமார் வெட்கத்தோடு மைக்கைப் பிடித்தான். பிடித்த பிறகு வெட்கம் போய்விட்டது.

"படம் வந்தப்ப ரொம்ப மோசமா இருந்துச்சுங்க. நெத்தி பூரா கோடு. கண்ணு பாதி சொருகிக் கெடந்துச்சு. வாய்ப்பக்கம் இறுகிப்போயிருந்துச்சு. எல்லாத்துலயும் பெரும்பாடு அந்த வலது தோளுதான். மேல தூக்கிட்டு நின்னுச்சு, எறக்க எறக்கக் கழுத்து கோணுது. ஒரு பகல் பூரா உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். வருசம் பூரா ஒரு வீட்டுச் செவுத்துல தொங்கப்போறது, பாக்க மங்களகரமா இருக்கணும் இல்லைங்களா? பெறகு எம் பொண்டாட்டி வேற. என்ன பாடு படுத்துறானோன்னு ஊரு பேசிரக் கூடாது."

சபை சிரித்தது. அடுத்தது உறுப்பினர் கேள்வி நேரம். கேள்வியை காசிராஜனே எழுதி வேல்விழியின் கையில் கொடுத்திருந்தார். இப்படி ஒரு திட்டத்தை எங்களுக்குத் தந்த பெரியவர்களுக்கு நாங்கள் எப்படி நன்றி செலுத்துவது என்பது அந்தக் கேள்வி. வேல்விழி காகிதத்தை மடித்து சோபாவில் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"நான் எங்க வீட்டுக்காரரத்தான் ஒண்ணு கேக்கணும்."

செல்வக்குமார் புன்னகையோடு திரும்பினான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு மூணு வருசமாச் சொல்றீக. ஒண்ணும் இல்லாத மூஞ்சியில ஒரு பகல் பூரா உக்காந்து எத அழிச்சீக?"

முதலில் சிரித்தது முன்வரிசை. பின்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை. செல்வக்குமாரும் சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. அவன் காலண்டரைப் பார்த்தான். பிறகு சோபாவில் இருந்தவளைப் பார்த்தான். நெற்றியில் அதே கோடுகள். பாதி சொருகிய அதே கண். காதுப்பக்கம் ஏறிய அதே தோள். எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்கு மனப்பாடம். ஒரு பகல் முழுக்க அவற்றோடுதான் மல்லுக்கட்டியிருந்தான். அழிக்கிற அவசரத்தில், அது என்னவென்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"செல்வக்குமார் தம்பி, பதில் சுருக்கமா" என்றார் காசிராஜன்.

"இருந்துச்சு" என்றான் செல்வக்குமார்.

தோளிலிருந்து பொன்னாடை நழுவியதைக்கூட அவன் பிடிக்கவில்லை.

"அருமையான கேள்வி, அருமையான பதில். அடுத்து நன்றியுரை" என்று காசிராஜன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுக்கும்போது ஞானசுந்தரி வேல்விழியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் நம்புகிறார்களா என்ற அந்தக் கேள்வியை ரப்பர் ஸ்டாம்ப்பாகச் செய்து, அச்சான கேள்வித்தாள் ஒவ்வொன்றிலும் குத்தப்போவதாகச் சொன்னார். அச்சின் அழகு கெட்டுப்போகும் என்று காசிராஜன் வருந்தினார். வெளியூர்க்காரர்கள் இருவரும் ஸ்டாம்ப் நல்ல யோசனை என்றதும், அது முதலில் தனக்குத்தான் தோன்றியது என்று அவருக்கு நினைவு வந்தது.

"ஒன் வீட்டுக்காரருக்காவது ஃபோட்டோஷாப் தெரியுது" என்றாள் குல்சார் பேகம், பொட்டலத்தைப் பிரித்தபடி. "எங்க வீட்டுக்காரர் வத்தல் மூடைக்குள்ள எதக் கண்டு எத நம்பப்போறாரு." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆனாலும் அந்த ஸ்டாம்ப்பு எங்க வீட்டுக்கு மொதல்ல வரட்டும்."

சிவகாசி பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. ஜன்னலோரம் வேல்விழி, பக்கத்தில் செல்வக்குமார். பஸ் ஊரைத் தாண்டியது.

"எங்கன தொடங்குது?" என்றான் அவன், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி.

"சபையில கேட்டுட்டேன்னு கேக்குறீகளா?"

"இல்ல. தெரியாமத்தான் கேக்கேன்."

இத்தனை நாளும் வலிக்குது என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. கழுத்தடியில் ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்கன. காலையில சூடு வச்ச மாதிரி. சரம் பின்ன உக்காந்தா கீழ எறங்கும். சாயங்காலம் வேன்ல வரும்போது வெரலு எனக்குச் சொந்தமானதாவே இருக்காது."

"அப்ப அந்தத் தோள ஏன் தூக்குத?"

"தூக்குனா ஒரு இழை கொறையும். அம்புட்டுத்தான்."

அவன் தலையாட்டினான். தைலம் தேய்க்கச் சொல்லவில்லை, மனசைத் திருப்பச் சொல்லவில்லை.

"அந்தக் காலண்டரு அம்புட்டையும் வீடுவீடாக் கொண்டுபோயிருவாகளே, விழி."

"போகட்டும். கிழமை பாக்க ஆகும்." அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல இந்த ஜன்னலச் சாத்துங்க. காத்து நேரா இங்கனதான் அடிக்குது."

ஜன்னல் ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவன் எழுந்து நின்று ஒரு கையால் இழுத்தான், இரண்டு கையாலும் இழுத்தான், ஓடுகிற பஸ்ஸில் தடுமாறி முன்சீட்டுக்காரரின் தலையில் முட்டி ஏச்சும் வாங்கினான். அது அசையவில்லை. கடைசியில் அவளை இந்தப் பக்கம் நகரச் சொல்லிவிட்டு, காற்று அடிக்கிற இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டான்.