சிரிப்புக்கு இடம் கொடுக்காத காட்சி

எங்கள் தொலைக்காட்சித் தொடரில் சிரிப்பு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் யாரும் சிரிப்பதில்லை. வசனங்களுக்கு நடுவே கொஞ்சம் மௌனம் கிடைத்தால் போதும், எடிட்டர் பதிவுசெய்த சிரிப்பை அங்கே ஒட்டிவிடுவார். சும்மா விட்டால் பார்ப்பவர்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடுவார்களாம். வசனத்தின் மேல் மட்டும் ஒட்டமாட்டார், பேச்சு கேட்காதே.

இத்தனை வருடம் அந்தச் சிரிப்புக்குத்தான் எழுதினேன். இந்த வாரம்தான் அது வேண்டாத விருந்தாளி. "உங்களுக்கு அழ வைக்கவும் தெரியுமான்னு பாக்கணும். வெள்ளிக்கிழமை தொடரைப் பாத்துட்டு திரைக்கதை பத்திப் பேசுவோம்" என்றிருந்தார் ஒரு படத் தயாரிப்பாளர்.

அப்பா தனக்கு வேலை போனதை மகளிடம் சொல்லும் காட்சியை எழுதினேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கும். ஊசி நுழைய இடமில்லை.

அப்பாவாக நடிப்பவர் ஒத்திகையில் மூச்சுவிடாமல் பேசினார். கேமரா ஓடியதும், "நாளைலேருந்து நான் ஆபீஸ் போகலம்மா" என்று சொல்லி நின்றார். "வேலை போயிடுச்சு." மறுபடி நின்றார்.

"அண்ணே, ஏன் நிறுத்துறீங்க?"

"அவங்க சிரிச்சு முடிக்க வேணாமா?"

"இங்க யாருண்ணே சிரிக்கிறா?"

"வீட்ல சிரிப்பாங்கள்ல. கேமராவப் பாத்தா வாய் தானா நின்னுடுதும்மா. எல்லாம் உன் வசனம் பேசிப் பேசி வந்த வியாதிதான்."

எத்தனை முறை எடுத்தாலும் அதே கதை. கடைசியில் எடிட்டரிடம் போய்க் கெஞ்சினேன்.

"அந்த ரெண்டு எடத்த மட்டும் சும்மா விட்டுடுங்க."

"விட்டா சேனல்காரன் திட்டுவான். உங்களையா திட்டுவான்? என்னையில்ல திட்டுவான்."

வெள்ளிக்கிழமை என் கணவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு வேலை போனது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொடர் முடிவதற்குள் தயாரிப்பாளர் போன் செய்தார்.

"வேலை போனத அந்த மனுஷன் சொன்னாரே, வீடே விழுந்து விழுந்து சிரிச்சுதும்மா. நம்ம படத்துல காமெடி பூரா நீங்கதான்."

"திரைக்கதை?"

"அதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். அழுத்தமா எழுதுறவரு."

"சார், அது அழவேண்டிய சீன்."

அதற்கும் சிரித்தார். "நீங்க பேசுறதே காமெடிதான், போங்க."

"காமெடி மட்டும்னா எனக்கு வேணாங்க" என்று போனை வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"சீன் ரொம்பப் புடிச்சிருக்காம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"