ஒட்டுப்பால் டயர்

கடிதப் பை சுமக்கும் தப்பால்காரர் நல்லையாவின் சைக்கிள் வருவதை மேமலைத் தோட்டத்தில் மூக்குதான் முதலில் அறியும், காது பிறகுதான். டயருக்குள் காற்றுக்குப் பதிலாக ஒட்டுப்பாலை அடைத்து ஓட்டிய மனிதர் மடுல்சீமை வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். இறப்பர் மரத்தின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பால் அது. வெயில் ஏறினால் செத்த எலி அதற்குப் பக்கத்தில் சந்தனம்.

அவர் என்ன ஆசைப்பட்டா அடைத்தார்? கவ்வாத்துக் காலத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளைப் பெண்கள் விறகுக்குக் கட்டிச் சுமந்து வருவார்கள். மிலாறு என்பது அதற்குப் பெயர். வளைவுக்கு வளைவு சுமையை இறக்கிக் கட்டி இறுக்குவார்கள், சிந்துகிற சிம்பு ஒவ்வொன்றும் ஆணிதான். ஒரே கிழமையில் ஒன்பது முறை பஞ்சர் ஒட்டி அலுத்துப்போன நல்லையா முதலில் வைக்கோலைத் திணித்துப் பார்த்தார். மழையில் நனைந்து, அதில் தப்பிக் கிடந்த நெல் டயரின் ஓரத்தில் முளைவிட்டது. பிறகு பசறையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷுக்ரி நானாதான் ஒட்டுப்பாலைப் பட்டைபட்டையாக அறுத்து, டியூப் இருக்கிற இடத்தில் அடைத்துக் கொடுத்தார். பஞ்சர் நின்றது. ஆனால் ஏற்றத்தில் உயிர் போகிற பாரம், இறக்கத்தில் பல் கழன்றுவிடும் குலுக்கல், மாதம் தவறாமல் நாலைந்து கம்பி முறிவு. இதெல்லாம் ஒரு சக்கரமா என்று ஊர் சிரித்தது.

சிரித்தவர்களில் முதல் ஆள் கொழுந்து பறிக்கிற ரெங்கம்மா. "அண்ணே, டயர்ல இந்தப் போகம் நெல்லா, குரக்கனா?" என்று மலையிலிருந்தே கேட்பாள். மிலாறு சிந்துவதிலும் அவள்தான் முதல் ஆள், அதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

புருஷனைக் காமாலைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றவள் அவள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கியிருந்தது; அவளும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தாள். அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சொந்தமென்று சொல்ல ஒரு நாடு இல்லை. அந்தப் பயம் அவளுக்குச் சோற்றோடு இறங்கும். அப்படியிருக்கையில்தான் கிரீடம் போட்ட உறையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பிரஜாவுரிமையே வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். தலைமுழுகி, சந்தனப் பொட்டு வைத்து, மாரியம்மன் படத்தடியில் சாத்தி, லயத்து வீடுகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். லயமே வந்து கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டு நாள் விளக்கும் எரிந்தது.

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், அதைத் தோட்டத்து ஆபீசான கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியத்திடம், "இதுக்குக் கண்ணாடி போடலாமுங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்து மனிதர் அவர். படித்ததும் முகம் கறுத்துவிட்டது. "உது பிரஜாவுரிமை இல்லை ரெங்கம்மா. முப்பத்தொன்பதாம் ஆண்டிலயிருந்து நீ இங்கதான் இருந்தனி எண்டதுக்கு அத்தாட்சி கேட்டிருக்கினம். இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ள பதுளைக் கந்தோருக்குப் போய்ச் சேராட்டி மனுவைத் தள்ளிப்போடுவினம்."

ரெங்கம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கிளாக்கர் திட்டவில்லை. வேலையாட்களின் பேர் பதியும் பழைய செக்ரோல்களை இறக்கி, அவள் பெயர் விழுந்த வருஷங்களையெல்லாம் பார்த்து எழுதி முடித்தபோது மணி பத்து. பஸ் விடியலிலேயே போய்விட்டது. துரையின் கார் கொழும்பில் இருந்தது. கிளாக்கரின் புதுச் சைக்கிளோ மிலாறு குத்தி இரண்டு சக்கரமும் சப்பிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தது.

"குடுங்கய்யா, நான் போறேன்," என்றார், தப்பால் பையோடு வாசலில் நின்ற நல்லையா.

பசறை வழியாகப் பதுளைக்கு இருபது மைலுக்கு மேல். வழியெல்லாம் கவ்வாத்து மலை. ஒட்டுப்பால் நாற்றம் வளைவில் மறையும்வரை ரெங்கம்மா கைகூப்பியபடி நின்றாள். அன்றைக்கு அந்த நாற்றத்தைப் போல இனிய வாசம் அவளுக்கு உலகத்தில் இல்லை.

மறுநாள் மத்தியானம் நல்லையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். பின்சக்கரம் கோணிப்போய்க் கிடந்தது.

"எட்டுக் கம்பி போச்சு, தங்கச்சி. ஆனா பஞ்சர் இல்ல. மூணரைக்குக் குடுத்து சீல் போட்ட துண்டு வாங்கிட்டேன்."

"உக்காருங்கண்ணே, தேத்தண்ணி தாரேன்."

"தேத்தண்ணி தா. உக்கார மட்டும் சொல்லாத, நாலு நாளைக்கு முடியாது."

ரெங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இந்த வாயால ஒங்களை எவ்வளவு பேசியிருக்கேன், அண்ணே. என் புள்ளைக ரெண்டும் ஒங்களால பொழைச்சுச்சு," என்றாள்.

எட்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. இந்தத் தடவை நல்லையா அவளை நேரே கந்தோருக்கே கூட்டிப் போனார். கிளாக்கர் வரிவரியாகப் படித்துச் சொன்னார். அவள் பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், எல்லாம் இருந்தன. சந்தோஷத்தில் நல்லையாவின் முகமும் மலர்ந்து கிடந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு எப்ப வரும்?"

"எனக்குப் போன மாசமே வந்துச்சு, இல்லேன்னு. ஜப்பான் சண்டைக் காலத்துல கீழ்மலைத் தோட்டத்துல இருந்தேன். அங்க செக்ரோலைக் கறையான் தின்னுருச்சு. வேற கடுதாசி கேட்டாங்க." அவர் லேசாகச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் கடுதாசி கொண்டாறேன். எனக்குன்னு நல்லதா ஒண்ணும் வந்ததில்லையே."

ரெங்கம்மாவின் கையிலிருந்த சான்றிதழ் கனத்தது. "ஐயா, இதுக்கு மேல கேக்க வழியே இல்லையா?"

"அப்பீல் போடலாம். நேரில கண்ட ஆள் சாட்சி சொல்லவேணும்."

"கீழ்மலை எங்கப்பா இருந்த தோட்டமுங்க. ரெண்டு புள்ளைப் பேறுக்கும் அங்கதான் போனேன். ரெண்டு தடவையும் இந்த அண்ணன் அங்க இருந்தாரு."

"பதுளைக்கு வரவேணும், பிள்ளை. ரெண்டு மூண்டு நாள் இழுபடும். உன்ர பேர் விழாது, அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லை."

"விழாட்டிப் போகட்டுமுங்க. எழுதுங்க."

நல்லையா ஏதோ மறுத்துச் சொல்ல வந்தார். ரெங்கம்மா அவரைப் பார்க்கவே இல்லை. சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேசையிலிருந்த மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் பெருவிரலை அழுத்தினாள்.