எழுபத்தேழாம் நம்பர்

இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மனு எழுதிக் கொடுக்கும் வேடியப்பன். எதிரே பெஞ்சின் நடுவில், அம்மையார்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கஜபதி. பெஞ்சின் சுவரோரத்தில் அவன் மனைவி ஷோபனா, மடியில் துணிக்கடைப் பையோடு. வாசலை ஒட்டி, முதுகில் பாதி வெயில் விழ, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கிய ஸ்டூலில் கஜபதியின் அக்கா புருஷன் முருகவேல். பெஞ்சில் இன்னும் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். முருகவேல் உட்காரவில்லை.

வேடியப்பன் அதைக் கவனித்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரே இருபத்தாறு வருஷமாக மனு எழுதுகிறவர். பட்டாவோ வாரிசோ வரப்புச் சண்டையோ, எதுவானாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: சம்பவம் நடந்தபோது யார் யார் இருந்தீர்கள், எங்கே இருந்தீர்கள்? மனு கொடுக்க வருகிறவர்கள் தொகையை மாற்றிச் சொல்வார்கள், தேதியை மாற்றிச் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்தை மாற்றிச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றாது.

ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கவே அலுப்பாக இருந்தது. வருவதில் பாதி, செல்போனில் ஏமாந்த கதை. ஆடியிலிருந்து இது ஐந்தாவது. முந்தைய நான்குக்கும் ஒரு வரி பதில் இல்லை.

"எழுதுங்க சார்," என்றான் கஜபதி. "அந்த எழுபத்தேழு கம்பெனி ஆளுதான். வேணும்னே வெலய ஏத்திவுட்டு என் தலையில கட்டிட்டான்."

"மொதல்ல இருந்து சொல்லுப்பா."

தவணை கட்டாததால் பிடித்து வந்த வண்டிகளைச் சென்னையில் ஒரு கம்பெனி செல்போன் வழியாக ஏலம் விடுகிறது. இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்டினால் ஒரு நம்பர் தருவார்கள். திரையில் பேர் வராது, நம்பர்தான் வரும். கஜபதியின் நம்பர் பத்தொன்பது. கத்திரிக்காயையும் வெண்டைக்காயையும் திருத்தணி மார்க்கெட்டுக்கு ஏற்றி வர வாடகைக்கே பாதி போகிறதே என்று ஒரு சின்ன லோடு வண்டியைக் கேட்டான். இருந்த நிலைமைக்கு இரண்டு லட்சம் பெறும் வண்டி. கடைசியில் இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்துக்கு அவன் பேரில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மிச்சத்தைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். முன்பணம், ஷோபனாவின் செயினை அடகு வைத்துக் கட்டியது.

"எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் ஷோபனா. "செயின மூட்டுக் குடுத்தா போதும்."

ஏலத்தில் யார் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்ற விவரத்தை ஜெராக்ஸ் கடை தீபா இரண்டு தாளில் எடுத்துக் கொடுத்திருந்தாள். வேடியப்பன் அதை மேஜையில் விரித்து, மேலே பேனாவை வைத்தார்.

"ஏலம் நடக்கச்சே யார் யார் எங்க இருந்தீங்க?"

"நான் ஜன்னல்கிட்ட, கட்டில்ல. இவ அடுப்புகிட்ட."

"அடுப்புகிட்ட இன்னா, உன் முதுகுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன்," என்றாள் ஷோபனா. "போதும் வுடுன்னு நாலு வாட்டி சொன்னேன். அதயும் எழுதுங்க சார்."

"உங்க பாவா?" என்று முருகவேலைக் காட்டினார் வேடியப்பன்.

"பாவா வந்து... தண்ணி டேங்க் படிக்கட்டுல."

"அங்க எதுக்கு?"

"அங்கதான் சார் டவர் நல்லா கெடைக்கும்."

"கேக்கறவன் நீ. அவருக்கு எதுக்குப்பா டவர்?"

வெளியே திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. பிறகு ஷோபனாதான், "சொல்லித் தொலையேன். வக்கீல்கிட்டயும் மனு எழுதறவர்கிட்டயும் மறைச்சு இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

சொன்னான். ஊரில் ஏரிக்கரைப் புளியமர ஏலம் வருஷா வருஷம் நடக்கும். அதில் கஜபதி கேட்கும்போது முருகவேலும் எதிராளி மாதிரி நின்று விடாமல் ஏற்றிக்கொண்டே போவார். 'இவங்க ரெண்டு பேரும் விடமாட்டானுங்க போல' என்று வெளியூர் வியாபாரி ஒதுங்கிவிடுவான். அவன் ஒதுங்கியதும் கஜபதி தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பான். முருகவேல் வாயை மூடிக்கொள்வார். மரம் கஜபதிக்கு. ஒன்பது வருஷமாக இது தவறியதில்லை. வண்டி ஏலத்துக்கும் அதையே செய்தார்கள். முருகவேலும் தன் பேரில் இருபத்தைந்தாயிரம் கட்டினார். துண்டுக்குப் பதில் மிஸ்டு கால் என்று ஏற்பாடு.

வேடியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்ப இதுல உங்க பாவா எந்த நம்பரு?"

"அம்பத்தெட்டு. அதனாலதான் அத வுட்டுட்டு எழுபத்தேழ மட்டும் எழுதுங்கன்றேன்."

"அவரு சொன்னாரா, அம்பத்தெட்டுன்னு?"

"சொல்லணுமா இன்னா? ரெண்டு லட்சத்து ரெண்டாயிரத்துல மிஸ்டு கால் குடுத்தேன். அம்பத்தெட்டு அதோட கப்சிப். அப்புறம் எங்கிருந்தோ அந்த எழுபத்தேழு பேமானி ஒரேடியா ஏத்திக்கினு வந்தான். கம்பெனிக்காரன்கிட்ட நாம தோக்கறதான்னு நானும் வுடல."

முருகவேல் வாசல் பக்கம் திரும்பி, யாருமில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேடியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். ஐம்பத்தெட்டாம் நம்பர் ஐந்து தடவை ஏற்றியிருந்தது. ஐந்து தடவையும் கஜபதி ஏற்றிய நாலாவது வினாடியில். ஒருமுறைகூட மூன்று இல்லை, ஐந்து இல்லை.

"முருகவேல், ஒரு தடவ வெல ஏத்தணும்னா போன்ல எத்தினி வாட்டி அமுக்கணும்?"

"மூணு வாட்டி சார். அப்பால, கோணல் மாணலா நாலு எழுத்து காட்டி அத அடின்னு கேக்கும்."

"நாலு செகண்டுல முடிச்சிடுவீங்களா?"

"நல்லா கேட்டீங்க. அந்த எழுத்தத் தேடறதுக்கே எனக்கு அர நிமிஷம் ஆவும்."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஸ்டூலை விட்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

எழுபத்தேழாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் ஏற்ற எடுத்துக்கொண்டது முப்பது, முப்பத்தைந்து வினாடி. ஒருதடவை ஐம்பது.

"பாவா," என்றான் கஜபதி.

"மிஸ்டு கால் வர்லடா எனக்கு."

"நான் குடுத்தேன். ரெண்டு ரிங் போச்சு."

"பட்டன் போனுக்குக் குடுத்திருப்ப. அது வூட்ல சார்ஜ்ல கெடந்துச்சு. டேங்க் மேல நான் எடுத்துகினு போனது பெரிய போனு. மொதல்ல நான் அந்த எழுத்த அடிக்கறதுக்குள்ள அம்பத்தெட்டு முந்திகினான். அவன் வுட்டப்புறம் நீ நிறுத்தச் சொல்லல, நான் பாட்டுக்கு ஏத்திகினே இருந்தேன். ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் வந்ததும் பயந்துட்டேன், என் பேர்ல வுழுந்துடப் போவுதுன்னு. அப்பத்தான் நிறுத்தனேன்."

"பன்னெண்டு நாளா இத சொல்லாம இருந்துட்டியே பாவா."

"எப்படிடா சொல்லுவேன்? போன செவ்வாக்கெழம மலையேறி, 'அந்த எழுபத்தேழ நீயே பாத்துக்கோ முருகா'ன்னு கற்பூரம் ஏத்தன. பக்கத்துல நானும்தான் கைகூப்பிகினு நின்னேன். இறங்கச்சே புடிச்ச முட்டி வலி இன்னும் வுடல."

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஜபதி சிரிக்கவில்லை. இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றித் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"அப்ப அம்பத்தெட்டு யாரு?" என்று கேட்டாள் ஷோபனா, சிரிப்பு நின்றதும்.

அதைத்தான் வேடியப்பனும் யோசித்துக்கொண்டிருந்தார். மூன்று அமுக்கலும் நாலு எழுத்தும், ஐந்து தடவையும் நாலே வினாடியில், ஒரு மனுஷன் கையால் முடிகிற காரியமாக அவருக்குத் தெரியவில்லை. வண்டி பெறுகிற விலை வந்ததும் அது விலகிக்கொண்டுவிட்டது. கம்பெனி வைத்த ஆளாக இருக்கலாம், வேறு யாராவதாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். இவர்களோ அதைச் சொந்தக்காரன் என்று நினைத்து மறைக்கப் பார்த்தார்கள். சொந்தக்காரன் பேரில் புகார் எழுத வந்தார்கள்.

அவர் இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னார். அவசரப்படாமல், ரேஷன் கார்டு திருத்தத்துக்குச் சொல்கிற அதே குரலில்.

"கம்முனு போயிட்டா கஜபதி முன்பணம் மட்டும் போவும். முருகவேலு முன்பணம் தோத்த ஆளுன்னு திரும்பி வந்துடும். மனு எழுதினா அம்பத்தெட்டு யாருன்னு கேக்கலாம், ஏலத்தையே ரத்து பண்ணச் சொல்லலாம். ஆனா கேக்கணும்னா எழுபத்தேழு யாருன்னு நாமளே சொல்லியாவணும். ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே தெரு, ஒரே பேங்க்கு. நாம சொல்லலன்னா கம்பெனிக்காரனே சொல்லுவான். ஒரே குடும்பத்துல ரெண்டு பேரு கேக்கக் கூடாதுன்னு இந்தத் தாளோட அடியில விதி போட்டிருக்கு. அதுக்கு ரெண்டு முன்பணத்தையும் புடிச்சுக்கலாம்."

"பாவா பணம் யுவஸ்ரீக்கு ஆஸ்டல் கட்ட வெச்சது," என்றான் கஜபதி. யுவஸ்ரீ முருகவேலின் மகள். "வேணாம் சார். வுட்டுடுங்க. செயினு போனா போவட்டும்."

"யாரு செயினு?" என்றாள் ஷோபனா. சத்தம் போடவில்லை.

அவள் முருகவேலைப் பார்க்கவில்லை. எழுது என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து, அடகுச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினாள்.

முருகவேல் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து பெஞ்சில், காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். கஜபதி கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

"எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க. டேங்க் படிக்கட்டுல உக்காந்திருந்தேன்னும் போடுங்க."

"போனா ரெண்டும் போயிடும். தெரியுதில்ல?"

"ஆங், தெரியுது. யுவஸ்ரீக்கு வேற எதனா பாத்துக்கலாம். பன்னெண்டு நாளா சோறு எறங்கல சார்."

வேடியப்பன் எழுத ஆரம்பித்தார். முதல் பத்தியில் யார் யார் எங்கே இருந்தார்கள். இரண்டாவதில், எழுபத்தேழாம் எண் என்னுடையது, விதி தெரியாமல் செய்த தவறு என்று முருகவேலின் வாக்குமூலம். 'விதி தெரியாமல்' என்பதில் பேனா கொஞ்சம் தயங்கிற்று. அவர்களைக் கேட்டார். விதியை யாரும் படிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற கட்டத்தை அமுக்கினோம் என்றார்கள். 'விதியைப் படிக்காமல்' என்று திருத்தினார். மூன்றாவதில் ஐம்பத்தெட்டாம் எண்ணின் ஐந்து நேரங்கள், வினாடி சுத்தமாக. அந்த எண்ணுக்கு உரியவர் யார், அவர் முன்பணம் கட்டிய ரசீது எங்கே என்ற கேள்வி. பதில் வரும்வரை எந்த முன்பணத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற வேண்டுகோள். மனு கம்பெனிக்கு. நகல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு.

படித்துக் காட்டினார். கஜபதி கையெழுத்துப் போட்டான். முருகவேல் பேனாவை வாங்கி, காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, பத்து வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு போட்டார்.

"பதில் வருமா சார்?" என்றாள் ஷோபனா.

"நாலு மனுவுக்கு வர்லம்மா. இதுல ஒரு வித்தியாசம், எல்லாத்தையும் நாமளே சொல்லிட்டோம், அவன் திருப்பிக் கேக்கறதுக்கு எதையும் மிச்சம் வெக்கல."

கவரில் தாள்களை மடித்து வைத்தார். பசை பாட்டிலின் வாய் காய்ந்து கிடந்தது. குண்டூசியால் குத்தி எடுத்துத் தடவினார். மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஒட்டுகிற வரை எடுக்காமல் இருந்தார். நகல் கவருக்கும் அப்படியே.

நாலு பேருமாகவே தபாலாபீசுக்கு நடந்தார்கள். முருகவேல் கொஞ்சம் நொண்டினார். கஜபதி அவருக்காக நின்று நின்று போனான். ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் இரண்டு கவரையும் எடை போட்டு, கோடு போட்ட சீட்டை ஒட்டி, "ஒப்புகை அட்டை வேணுமா?" என்று கேட்டாள். "வேணும்மா, ரெண்டுக்கும்," என்றார் வேடியப்பன். அவள் ரசீதைக் கிழித்து ஷோபனாவின் பக்கம் நகர்த்திவிட்டு, கவர்களைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த மூட்டைக்குள் போட்டாள்.