ஒரே வார்த்தையில் எம்40

அந்த ஆபீசரம்மா அன்றைக்குத்தானா வர வேண்டும்? பூச்சோங்கிலிருந்து சபாபதி குடும்பம் என் மகள் தாமரையைப் பெண் பார்க்க வந்து, கேசரித் தட்டைக் கையில் எடுத்த நேரம். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், கையில் விண்ணப்பப் பாரத்தோடு வந்து நின்றாள்.

என் வீட்டுக்காரர் கன்னையாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பி40 ஏழைக் குடும்பம் என்று ஓர் அறநிறுவனம்தான் செலவைக் கொடுத்து வந்தது. அந்த உதவியைப் புதுப்பிக்கத்தான் வீட்டு நிலவரம் விசாரிக்க வந்திருந்தாள்.

சபாபதி மனைவியின் பார்வை எங்கள் மேலேயே இருந்தது. மாப்பிள்ளை இன்ஜினியர். பாழாய்ப்போன மானம் என்னை விடவில்லை.

"உதவியெல்லாம் வேணாம்லா. நாங்க இப்ப எம்40. கஷ்டப்படுறவங்களுக்குக் கொடுங்க," என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

எல்லாரையும் எம்40 நடுத்தரத்துக்கு ஏற்றப் போவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒரே வார்த்தையில் ஏற்றிவிட்டேன். கன்னையா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சபாபதியிடம், காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.

சம்பந்தம் முடிவானது. மறுநாள் அந்த ஆபீசரம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அவர்தான் தடுத்தார்.

"மறுபடியும் விசாரிக்க வருவாங்க, சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சிரும். கல்யாணம் முடியட்டும் சீதா."

வாயாடி என்று பேர் எடுத்தவள், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். உதவி நின்ற பிறகு, வாரம் ஒரு தடவை டயாலிசிஸ் போதுமென்று டாக்டரே சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. அப்போதும் நான் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்து அழுததில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சபாபதி மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சொல்லியிருக்கலாமே சம்பந்தி. எங்க வீட்டுக்காரரும் லோரி ஓட்டித்தான் இவனைப் படிக்க வெச்சாரு."

தாமரை அதுவரை என் கையைப் பிடித்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவள் உள்ளறையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். இது எதுவும் அவளுக்குத் தெரியாது.

மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு, அப்பாவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.