தங்கவேலுவின் கம்பளிக் கோட்டு

"பனிமலையிலே சூடு தாங்காம ஒரு மனுசன் செத்ததை இந்த ரெண்டு கண்ணாலே பார்த்தேன், தங்கச்சி!"

சாவுச் சேதியை இப்படியா ஆரம்பிப்பார்கள்? குழந்தைவேலுவுக்கு வேறு விதமாக ஆரம்பிக்கத் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊருக்குப் படகில் போகும்போது முதலையின் மூக்கில் பொடியை வைத்துத் தும்ம விட்டவர் அவர். அது போட்ட தும்மலில் படகு துடுப்பே இல்லாமல் கரை சேர்ந்ததாம். தாமுவே சந்தையில் அவர் வாயைத் திறந்தால் கருவாட்டு ஈகூடப் பறக்காமல் உட்கார்ந்து கேட்கும், ஆனால் நம்பாது. அப்பேர்ப்பட்ட வாயில், ஆயுசிலேயே முதல் தடவையாக, ஓர் உண்மை வந்து மாட்டிக்கொண்டது.

கமலாட்சி அவர் மடியில் கிடந்த கம்பளிக் கோட்டையே பார்த்தாள். புருஷன் தங்கவேலு புறப்படும்போது லத்தா கடைத்தெருவில் சீனன் கடையில் அவளே பார்த்து வாங்கிக் கொடுத்தது. மலையளக்கப் போன ஒரு துரைக்கு மூட்டை தூக்க, குழந்தைவேலுவும் தங்கவேலுவும் வடக்கே கடைசி ரயிலடிவரை போய், கோவேறு கழுதைகளோடு மேலே ஏறினார்கள். திரும்பி வந்தது ஒருவர்.

"சூடுன்னு கழட்டிக் குடுத்தாராக்கும்? பனியிலே?" என்றான் கமலாட்சியின் தம்பி நல்லையா. அவனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. "முதலைக் கதையெல்லாம் டீக்கடையோட வெச்சுக்குங்கண்ணே. மச்சானை எங்கயோ விட்டுட்டுக் கோட்டை உருவிக்கிட்டு வந்திருக்கீங்க. நீ அழாதேக்கா. மச்சான் உசிரோடதான் இருக்காரு."

அந்தக் கடைசிப் பேச்சை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைக் குழந்தைவேலு பார்த்தார். அவர் பொய்யராக இருக்கும்வரை அவள் கழுத்தில் தாலி இருக்கும். ஆமாம், ஏதோ மலையூரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் என்ன? பொய்யிலேயே கொழுத்த நாக்குக்கு இன்னொன்று பாரமா? ஆனால் இவள் தலை நரைக்கும்வரை ரயிலடியில் போய் நிற்பாளே.

"கார்த்திகை பொறந்த புதுசு. முதப் பனி. ஒவ்வொரு துண்டும் யானைக் காது அகலம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லே. சின்னச் சின்னதா, அரிசிக் குருணை மாதிரி. பாதையே மறைஞ்சுபோச்சு. துரையும் கழுதைகளும் முன்னாலே போயிட்டாங்க. முழங்கால்வரை பனி. தங்கவேலு ரொம்ப நேரம் நடுங்கினான். அப்புறம் நடுக்கம் நின்னுச்சு. தேறிட்டான்னு நெனச்சேன். 'வேகுதுண்ணே, ஒடம்பெல்லாம் வேகுது'ன்னு கோட்டைக் கழட்டினான். சட்டையையும். நான் மாட்டிவிட மாட்டிவிட வீசினான். சுள்ளி பொறுக்கிட்டு வந்து பார்த்தா ஆளைக் காணோம். ஒரு பாறைக்கு அடியிலே, சின்னச் சந்து, பெருச்சாளி மாதிரி பூந்து சுருண்டு கிடந்தான். மூச்சு இல்லே. இழுத்தேன், தங்கச்சி. வரலை. கோட்டை நான் போட்டுக்கிட்டேன். இல்லேன்னா சேதி சொல்ல நானும் இல்லே."

நல்லையா நிமிர்ந்து பார்த்தான்.

"பாறைக்கு அடியிலயா?"

"ஆமாடா."

"சட்டை இல்லாம?"

"இல்லாம."

நல்லையா சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "எங்க ஐஸ் கிடங்குலே அப்துல் பாரி பாயை உள்ளே வெச்சுத் தெரியாமப் பூட்டிட்டாங்க. காலையிலே கதவைத் திறந்தா, சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு, மரத்தூள் மூட்டைக்கு அடியிலே பூந்து செத்துக் கிடந்தாரு. தொழுகை தவறாத மனுசன். குடிச்சிருந்தாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். குளிரு முத்தினாலே இப்படித்தான் வேகும்போல."

கமலாட்சி தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவர் பொய் சொல்றார்டா! முதலைக்குப் பொடி போட்டவர்டா! சொல்லேன், பொய்யின்னு சொல்லேன்!"

"ஆமா தங்கச்சி, நான் பொய்யன்தான்" என்று சொல்லக் குழந்தைவேலுவுக்கு வாய் துடித்தது. வாழ்நாளெல்லாம் கேட்காமலேயே கொட்டிய பொய், அவள் கேட்கும்போது வரவில்லை. கோட்டை மடித்து அவள் பக்கத்தில் வைத்தார்.

நல்லையா தலையைத் தூக்கவில்லை.

"நடந்ததுதான்க்கா" என்றான்.