வலிச்சா கையைத் தூக்குங்க

1

இந்தக் கதை எனக்கு ஒரு சின்ன விமானத்தின் வாலுக்குள் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. காதில் வந்து விழுந்தது. விழுந்ததை நானே வைத்துக்கொள்வதா, யாரிடமாவது கொடுத்துவிடுவதா என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. எழுதும்போது வாயும் கூடவே அசையும். வாக்கியம் நீண்டால் மூச்சு வாங்கும். நீங்களும் கொஞ்சம் மெதுவாகவே வாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் நீலமாக இருந்தது. அந்த இரும்புப் பறவை தன் சிறகுகளை

அடுத்த வார்த்தை வரவில்லை. வராததும் நல்லதுதான். இந்தக் கதையில் விமானம் ஒரு முழம்கூட மேலே எழும்பாது. சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். அடுத்து இப்படி:

ஒரு ஊரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருக்கு ஒரு மகள், ஒரு விமானம், ஒரு

ராஜா கதை மாதிரி ஆகிவிட்டது. அவர் ராஜா இல்லை. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருக்கும் ஒல்லியான மனிதர்.

இந்த அறுந்த வரிகளை அழித்திருக்கலாம். எங்கள் வேலையில் செத்த ஒயர் என்று ஒன்று உண்டு. பழைய கருவியைக் கழற்றுகிறவர்கள் அதன் ஒயரை முழுதாக உருவி எடுக்கச் சோம்பல்பட்டு, வெட்டி, அப்படியே உள்ளே தள்ளிவிடுவார்கள். கருவிப் பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எங்கிருந்தும் வராத, எங்கேயும் போகாத ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவற்றை உருவுவதுதான் என் பிழைப்பு. கூலிக்குச் செய்கிறதை வீட்டிலும் செய்ய முடியுமா? என் கதையில் அவை கிடக்கட்டும்.

2

கொட்டகையில் என்னை வாலு என்பார்கள். சேட்டை செய்கிற வயதெல்லாம் போய்விட்டது. விமானத்தில் சாமான் வைக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தட்டி இருக்கும். அதைக் கழற்றினால் போகப் போகக் குறுகும் பொந்து. பேட்டரி அங்கேதான். அதற்குள் நுழைகிற அளவு ஒல்லியாகவும், அங்கே படுத்துக் கிடந்தாலும் வெளியே யாரும் தேடாதவனாகவும் இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் வாலு.

ரேடியோக்காரர் எனக்கு மேலே. வயதில் இளையவர். ரேடியோ, வழி காட்டும் கருவி, புதுசாக வந்திருக்கும் திரைகள் எல்லாம் அவர் கைக்குத்தான் பேசும். வேலை முடிந்ததும், இனிப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் விமானம் வெறும் தகரம்.

அவர் முன்னால் பலகை அருகே, நான் பின்னால் வாலுக்குள். கத்திப் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி, விமானத்தின் இன்டர்காம் வழியாகவே பேசிக்கொள்வோம். என்னுடையதைப் பின் இருக்கையில் சொருகி நீள ஒயரில் உள்ளே இழுத்துக்கொள்வேன். யாராவது சத்தம் கொடுத்தால்தான் மைக் திறக்கும். மற்ற நேரம் மூடியிருக்கும்.

"வாலண்ணே, உள்ள இருக்கீங்களா, ஐக்கியமாயிட்டீங்களா?"

"இருக்கேன் சார். துணைக்கு ஒரு பல்லியும் இருக்கு."

"ஹெட்போனை அதுகிட்ட குடுங்க. அதுக்காவது சொன்னா புரியுதான்னு பாப்போம்."

ஒரு நாளில் என்னோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான். இதை வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. கதையில் பிறகு தேவைப்படும்.

3

டாக்டரின் விமானம் அவர் வாங்கும்போதே பழசு. சில மாதங்களாக அதன் பேட்டரி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனிலேயே முடிவு செய்தாள். பழைய ஒயர் மொத்தமும் போகட்டும். புது ரேடியோ, புதுத் திரை, புது இன்டர்காம், புது பேட்டரி. எல்லாம் போட்டோம். செத்த ஒயர் கூடை கூடையாக வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் புது பேட்டரியும் இறங்கியிருந்தது.

ரேடியோக்காரர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். எங்கேயும் கசிவு இல்லை. மறுநாளும் இறங்கியது. "ஒரு சொட்டு ஒழுகல. ஆனா குடம் மட்டும் காலியாகுது" என்றார். நாங்கள் போட்ட புது ஒயர்களையே மறுபடி பிரித்தோம். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தைத்த சட்டையைப் பிரித்த தையல்காரரைக் கேட்டால் தெரியும்.

மகள் ஒரு நாள் நேரில் வந்தாள்.

"அப்பா, மேல போய் எல்லாம் அணைஞ்சிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அணையாதும்மா."

"அதை நீங்க சொன்னா போதுமா? சார் சொல்லட்டும்."

ரேடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "கோளாறு எங்கன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள தெரியலன்னா வித்துடலாம்பா. எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

அவள் சொன்னதில் தப்பு கிடையாது. இந்தக் கதையில் ஒரு கெட்டவர் வேண்டுமே என்று அவளைக் கொஞ்சம் கடுகடுப்பாக எழுதிப் பார்த்தேன். கிளம்பும்போது அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அதைப் பார்த்தவன் பொய் எழுத முடியாது. டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

4

மதியம் கொட்டகை காலியாகிவிடும். எல்லாரும் சாப்பிடப் போவார்கள். நான் பல நாள் வாலை விட்டு வெளியே வருவதில்லை. முட்டியை மடக்கி வெளியே வந்து, மறுபடி மடக்கி உள்ளே போவதற்கு, பசி பரவாயில்லை.

அன்றைக்கு டாக்டரின் விமானத்துக்குள்ளும் அப்படித்தான். ஹெட்போன் காதில் இருந்தது. கண் அசந்திருந்தேன். விமானம் லேசாக ஆடியது, யாரோ ஏறினார்கள். கதவு சாத்தும் ஓசை. காதில் 'டொக்' என்று ஒரு சத்தம். யாரோ மெயின் சுவிட்சைப் போட்டு இன்டர்காமுக்கு உயிர் கொடுத்திருந்தார்கள். அப்புறம் ஒரு குரல், என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி:

"வாங்க. நல்லாச் சாஞ்சுக்கோங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர். கொட்டகையின் பின்கதவுச் சாவி அவரிடம் உண்டு.

"பொண்ணு போன் பண்ணுச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? அதுவும் வேலைக்கு நடுவுல கூப்பிடுது. கொஞ்சம் அகலமாத் திறங்க. ஆங், அப்படித்தான். வலிச்சா கையைத் தூக்குங்க."

[முதலில் நான் 'வலிக்குதா?' என்று எழுதியிருந்தேன். இதைப் படித்துப் பார்த்த ஒருவர் திருத்தினார். வாயில் கருவியை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்கமாட்டார்களாம், பதில் சொல்ல முடியாதல்லவா? 'வலிச்சா கையைத் தூக்குங்க' என்பார்களாம். எனக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது, மாற்றிவிட்டேன்.]

ஹெட்போனில் பேசுகிறவருக்குத் தன் குரல் தன் காதிலேயே கேட்கும். பேசுகிறவர் ஒருவர்தான், ஆனால் கூட ஒரு ஆள் பேசுவது போலக் கேட்கும். அது போதுமாயிருந்தது அவருக்கு. ஆயுள் முழுக்க வாய் திறந்தபடி பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசியே பழகியவர். மழை வரும்போல இருப்பது, பக்கத்து வீட்டில் வெள்ளையடிப்பது, தூக்கம் பிடிக்காதது எல்லாம் சொன்னார். நடுநடுவே நிறுத்தினார். அந்த இடைவெளியில் நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். நான் மூச்சு விட்டால் மைக் திறந்துவிடும்.

பேட்டரி ஏன் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. தினமும் மதியம் அவர் பேசி முடிக்கும்வரை எல்லாக் கருவியும் அதைக் குடிக்கும்; அணைத்துவிட்டுப் போன பிறகு மீட்டரில் ஒன்றும் தெரியாது.

* இங்கே, செத்துப்போன ஒரு மனைவியைக் கொண்டுவந்து வலது இருக்கையில் வைத்தால் வாசகர் கண் கலங்கும் என்று தோன்றியது. வைத்தும் பார்த்தேன். ஆனால் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. யாரை நினைத்துப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. வலது இருக்கை காலியாகவே இருக்கட்டும்.

5

நான் ஒரு வேலை செய்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். மதியம் அவர் பேசிவிட்டு இறங்கிப் போன பிறகு, வாலுக்குள் இருந்தபடியே சார்ஜரை மாட்டி, சாயங்காலத்துக்குள் பேட்டரியை நிரப்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே.

காலையில் ரேடியோக்காரர் மீட்டரை வைத்தார். முள் முழுசாக நின்றது. அடுத்த காலையும் நின்றது. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சரியாயிடுச்சே சார்."

"என்ன பண்ணிச் சரியாச்சு?"

"ஒண்ணும் பண்ணலயே."

"அதான் பயமா இருக்கு. தானாப் போனது தானா வரும் வாலண்ணே. மேல போனப்புறம் வரும்." பலகையில் தானே பொருத்திய திரையைக் கட்டைவிரலால் துடைத்தார். "நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன். எனக்குத் தெரியலம்மான்னு."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தனி மனிதரை மறைக்கப் போய் இன்னொருவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டேன்.

6

இனி முடிக்க வேண்டும். என்னிடம் இருப்பவை இவை.

முடிவு ஒன்று. ரேடியோக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். "சார், கோளாறு ஒயர்ல இல்ல." அவருக்கு முகம் தெளிகிறது. ஆனால் ஏன் என்று மகள் கேட்பாள். பூட்டின கொட்டகையில் அப்பா காலி இருக்கையோடு பேசுகிறார் என்று ரேடியோக்காரர் சொல்ல வேண்டிவரும். கோளாறு ஒயரில் என்று நினைத்தாலாவது விமானத்தை மட்டும் விற்பாள். இது தெரிந்தால் பின்கதவுச் சாவியையும் வாங்கிக்கொண்டு

இதை இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

முடிவு இரண்டு. சொல்லாமல் இருக்கிறேன். விமானம் விலை போகிறது. காலி இடத்தில் எண்ணெய்க் கறை. டாக்டர் மதியம் வந்து அந்தக் கறைக்குப் பக்கத்தில் நிற்கிறார். படிக்க நன்றாக இருக்கும். பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் அவர் நிற்பதை நான்தானே பார்க்க வேண்டும்? நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவீர்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். அவரைப் பற்றி இன்னொருவரிடம் அல்ல, அவரிடம். ஒருவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தால் மனிதர் என்ன ஆவார்? வெட்கத்தில் இறங்கிப் போய், திரும்பி வராமலே இருந்துவிட்டால்? பேசத் தெரிந்த ஆளாக இருந்தால் நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

7

வெள்ளிக்கிழமை மதியம். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ரேடியோக்காரர் மட்டும் சாப்பிடாமல் வெளியே நடந்துகொண்டிருந்தார். நான் ஹெட்போனை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பல்லி இருந்தது.

விமானம் ஆடியது. கதவு. 'டொக்'.

பிறகு:

"இன்னிக்கு ஒண்ணும் பிடுங்கப் போறதில்ல. சும்மா ஒரு தடவை பாத்துடுவோம். சாயங்காலம் பொண்ணு வருது. அதுகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுப் பாத்தேன். தினமும் நான்தான் சுவிட்சைப் போடறேன்னு சொல்லிடலாம். அதுவரைக்கும் சுலபம். 'எதுக்குப்பா?'ன்னு கேக்கும். அதுக்குத்தான் பதில் வரல."

நிறுத்தினார்.

"சரி. வாயைத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க."

வழக்கமான இடைவெளி. இதில்தான் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பேசுவதற்காகத்தான் போயிருந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் இருந்தது.

கை மேலே எழுந்தது. நான் தூக்கவில்லை, அதுவே தூக்கிக்கொண்டது என்று எழுதினால் நம்புவீர்களா? அந்த இருட்டுப் பொந்துக்குள், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பள்ளிக்கூடமே போகாதவன் கையைத் தூக்கினேன். இடம் ஏது? விரல் முட்டி தலைக்கு மேலிருந்த தகரச் சட்டத்தில் இடித்தது.

டங்.

மைக் திறந்துகொண்டது. என் மூச்சு என் காதில் கேட்டது. என் காதில் கேட்டால் அவர் காதிலும் கேட்கும்.

அவர் யாரது என்று கேட்கவில்லை. திடுக்கிட்டு எழவும் இல்லை, விமானம் ஆடவில்லை. எத்தனையோ வருஷம் தூக்கிய கைகளைப் பார்த்த பழக்கமாக இருக்கலாம். ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"எங்க வலிக்குது?"

இதற்கு நான் சொன்னதை எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். பின்னால் வருகிறவருக்காக நுனியை மட்டும் டேப் சுற்றி விட்டிருக்கிறேன்:

"டாக்டர், எனக்கு

சாயங்காலம் மகள் வந்தாளா, யார் அவளிடம் என்ன சொன்னார்கள், ரேடியோக்காரர் பேனாவை எடுத்தாரா, எல்லாம் உங்களிடமே விடுகிறேன். முடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது நாலாம் பகுதியில் ஒரு திருத்தம் சொன்னாரே, அவரை மட்டும் மறந்துவிட வேண்டாம். கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, என் கோணல் எழுத்தை அவர் நிதானமாகத்தான் படித்தார்.

படித்து முடிக்கும்வரை நான் வலது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.